எண்ணும்மை

பௌலிங் கூடத்துக்கு அடியில் எங்கள் அரங்கம்.
மில்வாக்கியில் பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை என்றால்
முப்பத்தெட்டு நாற்காலிக்கு ஒன்பது பேர்,
அதில் இரண்டு பேர் பேருந்து வரும்வரை
குளிருக்கு ஒதுங்கியவர்கள்.
நான் விளக்குக்காரன்.
எவரும் எழுதாத நாடகத்தில்
முற்றுப்புள்ளி மட்டும் என் விரலில்.

மேடையில் இரண்டு நாற்காலி. வேறெதுவும் தேவையில்லை என்பார்கள்.
வாடகைக்கே வழியில்லாதவர்கள்
எதையும் கொள்கை ஆக்கிவிடுவார்கள்.

ஒரு சொல் கொடுங்கள் என்றான் பாவ்
(பகலில் செயற்கைக் கடைவாய்ப்பல் வார்ப்பவன்).
அன்னாசி, என்றார் ஒருவர்.
எல்லா ஊரிலும் எவரோ அன்னாசி என்கிறார்.
ஒதுங்க வந்த பெண்மணி, தொப்பியைக் கழற்றாமலே,
சூப், என்றாள்.

ப்ரோனியா எழுந்தாள்.
ஆஸ்பத்திரிச் சலவையில் சிவந்த கைகளால்
ஒரு மேசையைத் துடைத்தாள்.
துடைத்ததிலேயே அதன் நீளம் தெரிந்தது.
ஒரு மூலையில் துணி சிக்கியது,
விளிம்பு பெயர்ந்த பழைய மேசை.
பானை மூடியைத் திறந்ததும் முகத்தைச் சற்று விலக்கினாள்:
ஆவி.

ஒன்பது மணி நேரம் பேருந்து ஓட்டிவிட்டு வந்த டெல்மார்
உள்ளே நுழைந்து
நேராக மேசையின் நடுவே நடந்து போனான்.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.
மேலே ஒரு பந்து உருண்டது.
விசையில் விரலை வைத்தேன். அணைத்திருக்கலாம்,
இரக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ப்ரோனியா திரும்பக்கூட இல்லை. கரண்டியைக் கலக்கியபடி,
"செத்து மூணு வருஷம் ஆகுது,
இன்னும் மேசையைச் சுத்தி வரப் பழகலே நீ."

தடுக்கிய ஒருவன் விழாமல் நின்றதும்
தெருவே விடுகிற மூச்சு
சிரிப்பாக வந்தது.
டெல்மார் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தான்.
தான் செத்த செய்தி
எங்களோடு சேர்த்துத்தான் அவனுக்கும் கிடைத்தது.
"ஆமாம்," என்றான். "மழைக்குழாய் இன்னும் அடைச்சே கிடக்கு.
மேலேயிருந்து பார்த்தா நல்லாத் தெரியுது."

இல்லை என்ற சொல் இங்கே புழங்குவதில்லை.
இலக்கணத்தில் இவர்களுக்குத் தெரிந்தது எண்ணும்மை ஒன்றே:
மேசையும் சூப்பும் செத்த புருஷனும்
அடைத்த குழாயும்.
கதைக்கு உம் கொட்டுவதுபோல
வந்ததை வாங்கி, ஓர் உம் சேர்த்து,
அடுத்த கைக்கு.

மேலே பத்துக் கட்டையும் ஒரே அடியில் சரிந்தன.
"உங்கம்மா," என்றாள் கூரையைப் பார்த்து,
"அங்கேயும் பீரோ நகர்த்திக்கிட்டு இருக்கா."
அதுதான் இடம்.
ஒன்பது பேர் முப்பது பேராய்ச் சிரித்த அந்த இடம்தான்.
விரல் கேட்கவில்லை.

சிரிப்பு வடிந்த பின் ஒரு காட்சி
எவ்வளவு அம்மணமாய் நிற்கும் தெரியுமா?
டெல்மாரிடம் பேச்சில்லை. அவளிடமும்.
சுவரோரம் பாவ் ஒரு காலை எடுத்து
எடுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டான்.

ப்ரோனியா இரண்டு கிண்ணம் வைத்தாள்.
இரண்டிலும் ஊற்றினாள்.
அவன் கரண்டியை எடுக்கப் போனான்,
விரல்கள் அதற்குள் புகுந்து
வெறுமனே வெளியே வந்தன.
மறுபடி.
மறுபடி.
"ஆறட்டும் விடு," என்றாள்.

அணைத்தேன்.

நாற்பது நொடி தாமதம், என்றாள் இயக்குநர் ஹில்டி,
குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காமல். சரி என்றேன்.
தொப்பிக்காரி தன் பேருந்தைத் தவறவிட்டிருந்தாள்.
செத்தவன் வந்து
அடுத்தது பதினொன்று பத்துக்கு என்று
துல்லியமாய்ச் சொல்லி அனுப்பினான்.

எல்லோரும் போனபின் பாப்கார்ன் பெருக்கினேன்.
துடைப்பம் அந்த மேசைக்கால்களைச்
சுற்றிச் சுற்றியே போனது.
கையுறையை மறந்த பாவ் ஓடி வந்து
குறுக்கே பாய்ந்தான்.
டேய், சூப்பு! என்றேன்.

நின்றான். ஒரு காலைத் தூக்கி உதறினான்.
பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்தான்.

வெகுநேரம் சொட்டியது.